மாமாவின் கதவும் எனது கட்டிலும்

நிக்காஹ் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு. காலை ஒன்பது மணிக்கே நான் மணப்பெண்ணின் அறைக்குள் மாட்டிக்கொண்டேன். கல்முனையில் வேறு எந்த மாப்பிள்ளையும் இவ்வளவு அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் இரும்புத் தளபாடம் செய்பவன். பெண்ணின் வாப்பா, அதாவது என் மாமா, தச்சர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவார். கட்டில், அலுமாரி எல்லாம் அவர்களே தருவார்கள். மாமா தேக்கில் கட்டில் செய்யப்போவதாகச் சொன்னார். நான் விட்டேனா?

"மரத்த கறையான் திண்டுரும் மாமா. இரும்புக்கு வெள்ளம் வந்தாலும் ஒண்டும் ஆகாது. கட்டில நானே செய்யிறன்."

"ஓம், பாப்பம்" என்றார் மாமா.

வேலை இழுபட்டுக் கல்யாணக் காலைவரை வந்துவிட்டது. குழாய்களை அளந்து வெட்டி அறைக்குள் கொண்டுபோனேன். வெல்டிங் வெளிச்சம் பெண்களின் கண்ணில் படக்கூடாதே என்று கதவைச் சாத்தினேன். இடம் வீணாகாமல் சுவருக்குச் சுவர் கட்டிலைப் பொருத்தினேன். அசையக்கூடாது என்று ஜன்னல் கிரிலோடும் சேர்த்து ஒட்டினேன் (அந்தக் கிரிலும் என் கைவண்ணம்தான், பூனைகூட நுழையாது).

வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதவை இழுத்தேன். உள்பக்கமாகத் திறக்கும் கதவு. ஒரு விரல் அளவு திறந்து, கட்டிலில் முட்டி நின்றது. இரும்பு வெட்டும் கிரைண்டர் முற்றத்தில் கிடந்தது. கிரில் வழியாக என் கையே போகவில்லை, கிரைண்டர் எங்கே வரும்! வெளியே அதைப் பிடித்து வெட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை.

செய்தி பரவிப் பெண்கள் ஜன்னலடியில் கூடிவிட்டார்கள். "அல்லாஹ், மாப்புள இப்பவே அறைக்குள்ள!" என்று ஒரு மாமி சத்தம் போட்டார். மருதாணிக் கையோடு பெண்ணும் ஓடி வந்தாள்.

"ஊரக் கூட்டிட்டு மாப்புளயா வர வேண்டிய ஆள், உள்ள இருந்து என்ன செய்யிறீங்க?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. நண்பகல் லுஹர் பாங்கும் சொல்லிவிட்டார்கள்.

கடைத்தெருவுக்குப் போயிருந்த மாமா அப்போதுதான் வந்தார். அவரே இழைத்துப் பூ வேலை செய்த கதவு அது. ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மரம் அறுக்கும் வாளை எடுத்தார். கீழ்ப்பாதியில் ஓட்டை விழுந்தது. கட்டிலுக்கு அடியால் தவழ்ந்து, மரத்தூள் அப்பிய தலையோடு மாமாவின் காலடியில் போய் வெளிப்பட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கெதியாப் போய்க் குளிச்சிட்டு, மாப்புளயா வாங்க" என்றார். அசருக்கு வந்துவிட்டேன்.

இப்போது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். கட்டிலைப் பிறகு வெட்டிக் குறைத்துக் கதவுக்கு வழிவிட்டேன். கதவின் ஓட்டையில் இன்றும் பலகைத் துண்டுதான் அடித்திருக்கிறது. போன நோன்புப் பெருநாளைக்கு, "அதுக்கு நல்ல இரும்புத் தகடு ஒண்டு அடிச்சுத் தாறன் மாமா" என்றேன்.

"வேணாம் மருமகன்" என்றார். "அவசரத்துக்கு வெட்ட ஏலாது."