கொதிநீர்க் கொற்றவன் கப்பி மீன்களைக் காத்த காதை

கேளீர், உலகீர்! மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கத்தியும் கத்தரியும் இடுக்கியும் நீராவியில் வெந்து தூய்மையுறும் அறையில், இருபதாண்டுகளாகக் கிருமிக்குலத்தைக் கருவறுத்து வரும் வெங்கரத்தோனை, பிறர் வீட்டுக் கதவைக் கைக்குட்டை கொண்டன்றித் தொடாத தூயோனை, கொதிநீர்க் கொற்றவனைப் போற்றுகின்றோம்! அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள், கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, அதில் பன்னிரண்டு கப்பி மீன்கள்.

தொட்டி வந்த மாதமே தொடங்கிற்று அத்தீராப் பிணி. விரிந்தாடிய வண்ண வால்கள் மடக்கிய குடைபோல் சுருங்க, செவுள் துடிக்க, வாய் நீர்மட்டத்தில் காற்றுக்கு ஏங்க, மீன்கள் ஒவ்வொன்றாய் மிதந்தன. குனிந்து நோக்கிய கொற்றவன் மீசை துடிக்க முழங்கினார்: “கிருமி!” உடனே மூண்டது போர். பழைய நீர் ஒரு சொட்டும் எஞ்சாது வெளியேற, கூழாங்கற்கள் வேக, வடிகட்டிப் பஞ்சு அண்டாவில் அரைமணி நேரம் கொதித்து வெள்ளைவெளேரென்று எழ, குழாயின் புதுநீர் தளும்பத் தொட்டி பளிங்காய் ஒளிர்ந்தது. நான்காம் நாள் பிணி மீண்டது. மீண்டும் கொதி; மீண்டும் பிணி. மூன்று போர் முடிவில் எஞ்சியவை நான்கே.

அந்நால்வருள் ஒருத்தி நிறைசூலி. மகள் அவளுக்கு இட்ட பெயர் குண்டம்மா. “குண்டம்மாவும் செத்துட்டா இனிமே நம்ம வீட்ல மீனே வேணாம்பா” என்று கண்ணைக் கசக்கினாள் சிறுமி. கிருமிகள் கோடிக்கும் அஞ்சாத நெஞ்சு அப்போது உடைந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

பின் கண் துடைத்து நான்காம் போருக்கு எழுந்தார். அண்டா கிடைக்கவில்லை. பழுப்புக் கூழ் சொட்டும் பஞ்சை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் அவர் பற்றிய பாத்திரமோ, அந்தோ, பால் பாத்திரம்! அக்கணம் உள்ளே நுழைந்தார் மனைவி.

“பால் காய்ச்சுற பாத்திரத்துலயா? இனிமே அடுப்புப் பக்கம் வாங்க, பாத்துக்கிறேன்!”

வானிடி கேட்டு வீரர் நின்றார். மனைவி பஞ்சைப் பிடுங்கி, அழுக்கோடு அப்படியே தொட்டியில் திணித்து, நேற்றுப் பிடித்து வைத்த வாளித் தண்ணீரில் இரண்டு செம்பு மட்டும் மாற்றினார். நாள்தோறும் அவ்வளவே. கொற்றவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆயுதமிழந்து, அழுக்குத் தண்ணீரைப் பார்த்தபடி நான்கு நாள் நடந்தார்.

நான்காம் நாள் குண்டம்மாவின் வால் விரிந்தது. பிணி வரவில்லை. திகைத்த வீரர் மீன் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைக்க, கடைக்காரர் மொழிந்தார்: “அந்தப் பஞ்சு அழுக்குலதான் சார் நல்ல கிருமி இருக்கு. மீனோட கழிவுல வர்ற நஞ்சை அதுதான் தின்னுது. அதைப் போய் வேக வெச்சா மீன் எப்படி சார் பொழைக்கும்?”

எட்டு உயிர்களைக் கொன்ற பகைவன் யாரென்று அன்று அறிந்தார் கிருமிக்குலக் காலன். வெட்கத்தில் அவருக்கு முகம் சிவந்தது. ஞாயிறு காலை தொட்டியின் பாசிக்கொடி நடுவே, குண்டம்மா ஈன்ற பதினேழு குஞ்சுகள் கண்ணும் வாலுமாய் நீந்தின. மகள் கூவிய கூவலில் தெருவே திரும்பிப் பார்த்தது. கொற்றவனின் வெங்கரம் தன்னையறியாமல் பஞ்சை நோக்கி நீண்டது. மனைவியின் பார்வை பட்டதும் மடங்கியது.

இப்போது அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது அவர்தான்.