டாக்டர் டைப் அடித்த குறிப்பு

காலையிலிருந்து ஸ்ரீரங்கன் ஹாலுக்கும் பால்கனிக்குமாக ஐம்பது நடை நடந்திருப்பார். மேற்கு மாம்பலத்து ஃபிளாட்டில் அதற்குமேல் நடக்க இடமில்லை. ஆஸ்பத்திரி ஆப்பில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டுமல்ல, டாக்டர் எழுதும் குறிப்பும் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தார்.

முன்பெல்லாம் டாக்டர் எழுதினால் மருந்துக்கடைக்காரரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. ஃபைலும் ஆஸ்பத்திரி அலமாரியிலேயே தூங்கும். டாக்டர் மதுவந்தியோ ஓர் எழுத்து விடாமல் டைப் அடித்திருந்தார்: 'மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மனைவி தினமும் இனிப்பு செய்து வற்புறுத்துவதாக நோயாளி சொல்கிறார்.'

உண்மைதான். அதாவது, அவர் அப்படிச் சொன்னது உண்மை. மனைவி சூடாமணி, வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவள் பார்ப்பதற்குள் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தார். பட்டனை அழுத்தினார். ஓடிபி வரவில்லை. மறுபடி அழுத்தினார். சமையலறையில் ஒரு போன் இரண்டு தரம் கிணுகிணுத்தது.

ஆஸ்பத்திரியில் பதிவு செய்த அன்று படிவத்தை அவள் கையில் தள்ளிவிட்டு கேன்டீனுக்கு நழுவியது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் தன் நம்பரையே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"சூடா..."

"காபியா, நானா?"

"நீதான். உன் போன்ல ஏதாவது நம்பர் வந்திருக்கா?"

"வந்திருக்கு. எதுக்கு?"

"பாங்க்ல கேக்கறா."

"ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கே?"

"ரெண்டுக்கும் இப்போ ஏதோ இணைப்பாம்."

"அப்படியா? நாலு, எட்டு, ஒண்ணு, ரெண்டு, ஏழு, மூணு. போட்டுண்டேளா?"

குரலில் பிசிறே இல்லை. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை. பாஸ்வேர்டை மாற்றினார். உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. எழுந்தார்.

சூடாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாத்தியாச்சா?"

"எதை?"

"நான் செவ்வாக்கிழமையே படிச்சுட்டேன். டாக்டருக்கு எழுதறதுக்கு அதுலயே ஒரு இடம் இருக்கு. நாலு வரி எழுதினேன். பதில் போட்டிருக்காளான்னு பாருங்கோ. பாஸ்வேர்ட் இப்போ உங்ககிட்டதானே இருக்கு."

திறந்தார். பழைய குறிப்புக்குக் கீழே புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

'மனைவி தந்த தகவல்: வீட்டில் இனிப்பு கிடையாது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் ஸ்டேஷன் அருகே இரண்டு ஜாங்கிரி. ஆதாரம்: சட்டைப்பையில் பிசுக்கு. இனி இந்த நோயாளியைப் பற்றிய விவரங்களை நோயாளியிடம் கேட்க வேண்டாம்.'