கண்காணிப்பாளர் கடல் கடந்த வரலாறு

கடல் கடந்து கொடி நாட்டிய சோழர்களுக்குப் பிறகு, முறைப்படி கோப்பு போட்டுக் கடல் கடந்த ஒரே தமிழர் சிதம்பரம் சுப்புராயன் அவர்கள்தான். சோழர்களிடம் கப்பல்களும் யானைகளும் இருந்தன. சுப்புராயனிடம் நடுத்தரமான ஒரு பென்ஷனும், 'கண்காணிப்பாளர் - ஓய்வு' என்று புதிதாகச் செய்துகொண்ட ஒரு ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. சோழர்கள் முன் அனுமதி பெற்றுப் போனதாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. சுப்புராயன் பெற்றார், மூன்று நகல்களில்.

இவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில், பெயரைச் சொன்னாலே பொதுமக்களுக்குத் தலைவலி வரக்கூடிய ஓர் அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் நாட்டுக்கு உழைத்தவர். அண்ணாமலை நகரை ஒட்டிய தம் வீட்டிலிருந்து காலையில் கிளம்பி, சிதம்பரத்தில் ரயிலேறி, திருப்பாதிரிப்புலியூரில் இறங்குவார். மாலையில் அதே வழியில் திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே உதவியாளர்கள் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார்கள். சுப்புராயன் குறியைப் பார்ப்பார், கையெழுத்திடுவார், தாளைத் திருப்புவார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது கீழே வேலை செய்பவர்களை அவமதிப்பதாகும் என்பது அவர் கொள்கை. முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் ஒருவரைக்கூட அவமதித்ததில்லை. வீட்டிலும் அதே கண்ணியம்தான். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, மகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றையும் மனைவி இருசம்மாள் நிரப்பி, பென்சில் குறி போட்டு நீட்டுவார். இவர் போடுவார்.

ஓய்வு பெற்ற நான்காவது மாதம், சோபாவில் படுத்தபடி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு வீடியோ தட்டுப்பட்டது. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கடற்கரையில் வலை ஊஞ்சலில் படுத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். 'சின்ன பென்ஷன், ராஜ வாழ்க்கை' என்று கீழே எழுத்து ஓடியது. கடலூர் மாவட்டத்திலும் கடல் இருக்கிறதே, இளநீர் இருக்கிறதே, படுப்பதற்குக் கிழவர்களும் இருக்கிறார்களே என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கலாம். அது வேறு, இது வேறு. பிச்சாவரத்துக்குப் போனால் யாரும் சால்வை போர்த்துவதில்லை.

மறுவாரம் சுப்புராயன் மனைவியை அழைத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்த 'பன்னாட்டு ஓய்வு வாழ்வு ஆலோசகர்' செந்தமிழ்செல்வனைச் சந்தித்தார். ஆறு மாதம் முன்பு வரை இந்த ஆலோசகர் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் மனை விற்றுக்கொண்டிருந்தார். 'இங்கேருந்து பஸ் ஸ்டாண்டு அஞ்சு நிமிஷம்' என்று சொன்ன அதே வாய், இப்போது 'இங்கேருந்து கடல் அஞ்சு நிமிஷம்' என்றது. தீவு என்பதால் இந்த முறை அது உண்மையாகவும் இருந்தது. தீவின் பெயர் மரலூசா. வரைபடத்தில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடம் போல இருந்தது.

"நம்ம பென்ஷன்ல அங்க ராஜா மாதிரி இருக்கலாம் சார்," என்றார் ஆலோசகர்.

"எப்பிடிங்க? அதே பென்ஷன் இங்க மாசக் கடைசியில இழுத்துக்கிட்டுல்ல கெடக்குது," என்றார் இருசம்மாள்.

"அங்க உள்ளவுங்களுக்கு வருமானம் ரொம்பக் கம்மி மேடம். அதனால எல்லாமே சல்லிசு."

"அப்ப அவுங்கல்லாம் ரிட்டையரானா எந்தத் தீவுக்குப் போவாங்க?"

ஆலோசகர் கையிலிருந்த வண்ணப் படப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதில் சூரியன் மறைந்துகொண்டிருந்தது.

"வூட்டு வேலைக்கு ஆள் கெடைக்குமா?"

"விசா ரூல்ஸ்ல ஆள் வெச்சுக்கக் கூடாதுங்க மேடம். அங்க எல்லாம் எளிமையான வாழ்க்கைதான். மிக்ஸி, வாஷிங் மெஷின் ஒண்ணும் கெடையாது. சோலார்ல ஃபேன் ஓடும், போன் சார்ஜ் ஏறும், அவ்ளோதான். மீனு புடிச்ச கையோட வாங்கி, அம்மியில மசாலா அரைச்சு, வெறகு அடுப்புல வெச்சு, அப்பிடியே இயற்கையோட இயற்கையா..."

"அரைக்கிறது யாரு?"

அறையில் மின்விசிறி சத்தமாகச் சுற்றியதால் இந்தக் கேள்வி யாருக்கும் கேட்கவில்லை. "இயற்கைதான் மருந்து" என்று சுப்புராயன் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்.

அன்று மாலையே அவர் தீவு வாழ்க்கைக்கான 'பணிப் பங்கீட்டு ஆணை'யைச் சொல்லச் சொல்ல இருசம்மாள் எழுதினார். 'அ' பிரிவு, சுப்புராயன்: காலையில் கடலை நோக்குதல், பகலில் சிந்தித்தல், மாலையில் கடலை மறுபடி நோக்குதல். 'ஆ' பிரிவு, இருசம்மாள்: இதர பணிகள்.

"இதரன்னா எதெல்லாங்க?"

"நான் செய்யாததெல்லாம்."

இருசம்மாள் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு வேணாங்க. முட்டி ரெண்டும் போச்சு. இந்த வயசுல அம்மியும் அடுப்புமா என்னால ஆவாது. நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, சந்தோசம். நான் எப்பங்க ஆவறது?"

சுப்புராயனுக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. "உனக்கு ஏது இருசா ரிட்டையர்மென்ட்டு? நீ எப்ப வேலைக்குப் போன?"

சட்டப்படி இந்தக் கேள்வியில் ஒரு குற்றமும் காண முடியாது. நியமன ஆணை இல்லாதவருக்கு ஓய்வு ஆணை கிடையாது. கணவரின் சாப்பாட்டுக் கேரியரை, கல்யாணமான நாளிலிருந்து, ரயில் நேரத்துக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டிக் கொடுத்தது 'பணி' என்ற வரையறைக்குள் வராது. இருசம்மாள் எழுந்து உள்ளே போனார். குக்கர் விசில் அடித்தது.

விசா விண்ணப்பங்கள் வந்த அன்று சுப்புராயன் சோபாவில் கிடந்தபடி தீவைப் பற்றிய பதினேழாவது வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருசம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினார். 'போகலாமா வேண்டாமா' என்று அவரை யாரும் கேட்கவில்லை. அந்தத் தாள்களில் மட்டும் அந்தக் கேள்வி இருந்தது.

"ஏங்க, தனியா போறவுங்களுக்கு ஒரு ஃபாரம், ஜோடியா போறவுங்களுக்கு ஒரு ஃபாரம்னு ரெண்டு குடுத்திருக்காங்க. நான் தனி ஃபாரத்தத்தான் எழுதப் போறேன். நான் வரல. காதுல விழுதா?"

"ம்ம். குறி போட்டு வை."

"எழுதிட்டேன். ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

சுப்புராயன் சிரித்தார். "இருசா, கீழ வேல செய்யறவுங்கள நம்பாம நிர்வாகம் பண்ண முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே பதினோரு இடத்தில் கையெழுத்திட்டு, ரப்பர் ஸ்டாம்பையும் அழுத்தினார். கண்கள் கடைசிவரை போனை விட்டு அகலவில்லை. அப்படி ஒரு பயிற்சி.

வழியனுப்பு விழா சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஏற்பாடு, ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளரும் இருசம்மாளின் தம்பியுமான பழனிவேல். வாசலில் பத்தடி ஃபிளக்ஸ். அதில் சுப்புராயன் வெள்ளைச் சட்டையில் கப்பல் ஒன்றின் முன்னால் நின்றார். போவது விமானத்தில்தான். ஆனால் விமானத்தின் முன்னால் நின்றால் ஏதோ துபாய்க்கு வேலைக்குப் போகிறவர் போலிருக்கிறது என்று சங்கத்தின் செயற்குழு கூடி முடிவெடுத்திருந்தது.

பதினேழு சால்வைகள் போர்த்தப்பட்ட பின், செந்தமிழ்செல்வன் மேடையேறி 'விசா வழங்கும் வைபவ'த்தை நடத்தினார். மஞ்சள் தடவிய உறையைச் சுப்புராயன் இரு கைகளாலும் பெற்றுப் பிரித்தார். உள்ளே ஒரு விசாதான் இருந்தது. உறையைக் கவிழ்த்துத் தட்டினார். வேறெதுவும் விழவில்லை.

"மேடத்துது எங்க?" என்று ஆலோசகரின் காதோரம் கேட்டார்.

"சார், நீங்கதான தனி ஃபாரம் குடுத்தீங்க. பதினோரு எடத்துல சைன் பண்ணியிருக்கீங்க. சீல் வேற அடிச்சிருந்தீங்க. அத அங்க ரொம்பப் பாராட்டுனாங்க சார், இதுவரைக்கும் யாரும் அடிச்சதில்லையாம்."

"அதுல என்னா எழுதியிருந்துச்சு?"

"எங்கூட யாரும் வரலன்னு சார்."

விஷயம் மைக் பிடித்து நின்ற பழனிவேலின் காதுக்கு எட்டியது. அவர் நாற்பது வருடமாகக் கூட்டம் நடத்தியவர். எந்தச் சங்கடத்தையும் சாதனையாக மாற்றிவிடக்கூடியவர். "இங்க ஒரு முக்கியமான சேதி," என்று தொண்டையைச் செருமினார். "மாமா தனியா போறாரு. எங்க அக்காவ இங்க வுட்டுட்டு, கட்டிக்கிட்ட பொண்டாட்டியவே துறந்து, ஓய்வூதியர் சமுதாயத்துக்கு வழிகாட்டணும்னு ஒத்த ஆளா கெளம்புறாரு. இந்தத் தியாகம் யாருக்கு வரும்?"

மண்டபம் அதிர்ந்தது. சுப்புராயன் உறைக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தாளைப் படித்திருக்கலாமோ என்று தோன்றியது. ஆனால் போர்த்திய சால்வையைத் திருப்பிக் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை, அதுவும் பதினேழு. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த இருசம்மாளைப் பார்த்தார். அவரும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

இப்படியாகச் சுப்புராயன் மரலூசாவில் காலடி வைத்தார். முதல் நாள் ஆணைப்படி கடலை நோக்கினார். இரண்டாம் நாளும் நோக்கினார். மூன்றாம் நாள் போட்டுக்கொள்ளத் துவைத்த சட்டை இல்லாததால் பனியனோடு நோக்கினார். பக்கத்துக் குடிசையில் ஏதோ குளிர் நாட்டுத் தபால்காரர் ஒருவர் ஓய்வு பெற்று வந்திருந்தார். அவர் தம் துணியைத் தாமே துவைத்து, தம் மீனைத் தாமே கழுவி, சீட்டியடித்துக்கொண்டே சமைத்தார். 'பாவம், வீட்டில் சொல்லிக் கொடுக்கவில்லை போல' என்று சுப்புராயன் அவருக்காக இரக்கப்பட்டார். பிறகு போனை எடுத்தார்.

"இருசா, சோறு வடிச்சா கஞ்சி எங்க போவும்?"

"நீங்க எங்க ஊத்துறீங்களோ அங்க போவும்."

"கால் மேல ஊத்திக்கிட்டேன்."

"பச்சத் தண்ணியில வைங்க."

ஆறாம் நாள் மீனுக்குச் செதிள் உண்டு என்ற உண்மையைத் தொண்டை வழியாகக் கண்டறிந்தார். ஒன்பதாம் நாள் அடுப்பு ஊதிக் கண் வீங்கியது. பதினான்காம் நாள் தபால்காரர் பரிதாபப்பட்டு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார். அதில் உப்பு இல்லை. சுப்புராயன் கடலைப் பார்த்துக்கொண்டு அதைக் குடித்தார். அப்போது அவருக்கு அழுகை வந்தது என்பதைச் சங்கத்தின் மலரில் வெளியிடத் தேவையில்லை என்று பின்னாளில் முடிவு செய்யப்பட்டது.

பத்தொன்பதாம் நாள் 'ஆய்வுப் பயணத்தை வெற்றிகரமாக நிறைவு செய்து' திரும்பினார். சிதம்பரத்தில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது, இருசம்மாள் சோபாவில் சாய்ந்து, கால்களை முக்காலியில் நீட்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. அண்ணாமலை நகரில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் மெஸ்ஸிலிருந்து மாதச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார். மூன்று வேளையும் வீடு தேடி வருகிறது. வத்தக்குழம்பு நன்றாக இருந்ததாம்.

"எத்தன பேருக்குச் சொல்லியிருக்க?" என்று சுப்புராயன் கேரியரைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒருத்தருக்கு. நீங்க வழிகாட்டப் போயிருக்கீங்கன்னுல்ல சொன்னாங்க."

சுப்புராயன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பத்தொன்பது நாள் கள ஆய்வின் முடிவை அவர் அங்கேயே அறிவித்தார்.

"தீவு வாழ்க்க மனுசனுக்குச் சரிப்படாது இருசா. சுத்திப் பாத்தா வெறும் தண்ணி. ஒரு தண்ணி சொம்பு எடுத்துக் குடுக்க ஆள் கெடையாது. நாம பாட்டுக்கு ஒக்காந்திருந்தா வேளைக்கு எதுவும் நடக்க மாட்டேங்குது. அந்த மாதிரி எடத்துல எவனால இருக்க முடியும்?"

அனுபவத்தில் பழுத்த இந்தச் சொற்களைச் சங்கத்தின் சுவரில் எழுதி வைக்கலாம் என்றே யாருக்கும் தோன்றும். இருசம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இப்பதான் தீவுலேருந்து வர்றீங்கன்னு ஊரே பேசிக்கும். எனக்கு அப்பிடித் தெரியல."

"பின்ன?"

"முப்பத்தஞ்சு வருசமா இந்த வூட்ல ஒக்காந்திருந்தீங்களே, அதுதாங்க தீவு. சுத்தி இருந்தது தண்ணி இல்ல, நானு."