பூட்டிய வீட்டுக்குள் ஓர் இறால் வடை

இறந்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையும் இருப்பவர்களுக்கு இவ்வளவு பசியும் தருகிறவர் சிங்கப்பூரிலேயே படையல் அண்ணன் ஒருவர்தான். கப்பல் பட்டறையில் அவர் வெல்டர், நான் அலுவலகக் குமாஸ்தா. இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறார். தீபாவளியன்று, காலமான மனைவிக்குப் பிடித்ததையெல்லாம் தானே சமைத்துப் படைப்பார். பழைய நண்பர்கள் ஏழெட்டுப் பேர் போவோம்.

ஒருமுறை அவரோடு தேக்கா சந்தைக்குப் போனேன்.

"எலும்பில்லாமக் கொடுங்க பாய். எங்க வீட்டுக்காரிக்குப் பல்வலி."

கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். "அக்கா தவறிப் பல வருஷமாச்சுன்னு சொன்னீங்களேண்ணே?"

"பல்வலி போயிருச்சின்னு அவ சொல்லலையே."

படைப்பதற்கு முன் யார் நாக்கில் பட்டாலும் எச்சில். அதனால் உப்பைக்கூட மூக்கால்தான் பார்ப்பார். மூக்கு தவறிய வருடங்களில் நாங்கள் தண்ணீரை நிறையக் குடித்துக்கொள்வோம். இலையில் பரிமாறியதும் எல்லாரையும் தாழ்வாரத்துக்குத் துரத்திவிட்டு, தானும் வெளியே வந்து கதவைப் பூட்டுவார். அக்கா கூச்சப்படாமல் சாப்பிட வேண்டுமாம். பத்து நிமிடம், கைக்கடிகாரம் பார்த்து. நாங்கள் சாவியைத் தொலைத்துவிட்டோம் என்று எண்ணி, எதிர்வீட்டுச் சீன மாது ஒருமுறை பூட்டுக்காரரையே வரவழைத்துவிட்டார்.

அக்கா ஊரில் இறந்தபோது அண்ணனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. முகம் பார்க்கவில்லை.

"கோவமா இருக்கா தம்பி. ஒரு பருக்கைகூடத் தொட மாட்டேங்கிறா," என்பார்.

ஒரு தீபாவளிக்கு நான் கழிப்பறையில் இருப்பது தெரியாமல் கதவைப் பூட்டிவிட்டார்கள். வெளியே வந்தேன். வீடு காலி. இலையில் ஐந்து இறால் வடை. காலையிலிருந்து பட்டினி. படித்தவன், பேரன் பேத்தி எடுத்தவன், ஒன்றை எடுத்துத் தின்றேன். சாவிச் சத்தம் கேட்டதும் கழிப்பறைக்கே ஓடினேன்.

மறுபடி வந்தபோது அண்ணன் இலை முன் உட்கார்ந்திருந்தார்.

"நாலுதான் இருக்கு. வந்துட்டா தம்பி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் இன்னும் இறால் இருந்தது.

மறு வருடம் வடை குறையாவிட்டால்? அந்தப் பயத்தில் அடுத்த ஆறு தீபாவளிக்கும் அதே நேரத்தில் எனக்கு வயிறு கலக்கியது; கழிப்பறைக்குப் போனேன், இலையில் ஒரு வடை குறைந்தது.

"நல்ல டாக்டராப் பாத்துக் காட்டு லா," என்று அண்ணன் கவலைப்பட்டார். எனக்கென்று தனியாக இஞ்சி ரசம் வைக்கத் தொடங்கினார். அதையும் குடித்தேன்.

சென்ற மாதம் நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் கிடந்தேன். இறாலும் எண்ணெய்ப் பலகாரமும் இனிக் கூடவே கூடாதாம். ஒரு வடையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அக்காவுக்கு வைத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நேரில் சொல்லிவிட இரண்டு முறை புக்கிட் பாத்தோக்கிலிருந்து பஸ் ஏறினேன். இரண்டு முறையும் ரசம் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன். அவர் இந்த இதழை வரி விடாமல் படிப்பவர். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, அந்த வடைகளைத் தின்றது நான்தான். இந்தத் தீபாவளிக்கு ஐந்தும் அப்படியே இருக்கும். அக்காவுக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வரச் சொன்னால், இந்த முறை கதவைப் பூட்டும்போது நானும் உங்கள் பக்கத்தில் வெளியே நிற்கிறேன்.