மலையில் விமானம் இறக்கிய மேஸ்திரி

ஜவ்வாது மலையில் ஆகாய விமானம் இறக்கிய ஒரே மனிதர் எங்கள் ஏரோப்ளேன் மேஸ்திரிதான். சிரிக்காதீர்கள். முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், அது இறங்கும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

எழுபதுகளில் எங்கள் மலைக்கு ரோடு வந்தது என்றால், அதில் பாதி மேஸ்திரியின் தொண்டையால் வந்தது. இங்கிருந்து அவர் "ஏய், ஜல்லி!" என்று கத்தினால் அமிர்திக் காட்டில் மான் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் தபால்தலை சேர்க்கும் பைத்தியம். பூ, புலி, தலைவர் படமெல்லாம் அவருக்கு ஆகாது. விமானம் இருக்க வேண்டும். சண்டை விமானம் கூடாது. ஜனங்கள் ஏறி, நாடு விட்டு நாடு போகிற விமானமாக இருக்க வேண்டும்.

கண்ணமங்கலத்தில் ஒரு வீட்டில் துக்கம். வர முடியாத மகன் வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு எல்லோரும் அழுதார்கள். மேஸ்திரியும் அழுதார். அழுதுகொண்டே கவரின் மூலையைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார், தபால்தலை கழன்று வருவதற்கு. அவர் வீட்டில் சொம்பு, டம்ளர் எதுவும் தப்பாது. "குடிக்கிற சொம்புல எந்த நாட்டுக்காரன் எச்சிலோ மெதக்குது!" என்று அவர் சம்சாரம் என் கடைக்கு வந்து புலம்பும். தபாலாபீசுக்குப் பக்கத்தில் கற்பூரம், ஊதுபத்திக் கடை வைத்திருந்தேன். நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பதால் மேஸ்திரிக்கு நான் 'சாமி'.

"ஏன் மேஸ்திரி இந்த வெறி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இன்னா சாமி இப்பிடிக் கேக்கறீங்க? நான் ஒரு மைல் ரோடு போட எத்தினி பாறை ஒடைக்கிறேன்! அது பாருங்க, ரோடே இல்லாம போவுது. அதுவும் ஒரு நாட்டு ப்ளேன் இன்னொரு நாட்டு மேல போவலாம்னு எல்லா நாட்டுக்காரனும் குந்திப் பேசி ஒத்துக்கினாங்களாம். இங்க ஒருத்தன் வரப்பு மேல இன்னொருத்தன் ஆடு போனா அருவா தூக்கறானுங்க!"

அவரிடம் பல ஊர் முத்திரை குத்திய விமானக் கவர்கள் இருந்தன. எங்கள் ஊர் முத்திரை மட்டும் இல்லை. புதுத் தபால்தலை வெளியாகிற அன்றே அதன்மேல் எந்த ஊர் முத்திரை விழுகிறதோ, அந்த ஊரில் விமானம் இறங்கியதாக அவர் கணக்கு. ஆனால் புதுசு வந்தால் வேலூர்ப் பெரிய தபாலாபீசோடு நின்றுவிடும். மலைக்கு வராது.

அப்படியிருக்க, நாடுகளெல்லாம் கூடி நடத்தும் விமானச் சங்கத்தின் ஞாபகமாக ஒரு தபால்தலை வருகிறது என்று தெரிந்தது. மேஸ்திரிக்குத் தூக்கம் போயிற்று. கட்டிக்கொண்டிருந்த தரைப்பாலம் முடிந்ததும் அவரை மலைக்குக் கீழே மாற்றப் போகிறார்கள். இந்தத் தடவை விட்டால் மலையில் அவர் விமானம் இறங்கவே இறங்காது.

அன்று காலை பஸ்ஸில் இருவரும் வேலூர் போனோம். நான் கற்பூரம் வாங்கினேன், அவர் தபால்தலை வாங்கினார். கவரில் ஒட்டி, தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். சந்தவாசல் தாண்டி மலை ஏறும்வரை தலையைத் திருப்பவே இல்லை, சாமி சிலையைத் தூக்கி வருகிறவர் மாதிரி.

பாதி மலையில் பஸ் நின்றது. தரைப்பாலத்தின் குறுக்கே பாறைகள். காலையில் நாங்கள் கடந்த பிறகு ஆட்கள் காங்க்ரீட் போட்டிருந்தார்கள்.

"எவன்யா ரோட்டை அடைச்சது?" என்று கண்டக்டர் கத்தினார்.

"மேஸ்திரி சொன்னாருங்க. காங்க்ரீட் போட்டதும் நான் சொல்ற வரைக்கும் கலெக்டரே வந்தாலும் வுடாதேன்னாரு" என்றான் பாறைகளுக்குக் காவல் நின்ற ஆள்.

ப்ளேன் நினைப்பிலேயே இருந்த மனிதர், திரும்பி வர ரோடு வேண்டும் என்பதை மறந்திருக்கிறார்! பஸ் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அதான் நீங்களே வந்துட்டீங்களே மேஸ்திரி, சொல்லுங்க, எடுத்துடறோம்" என்றான் ஆள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஸ்திரி ஈரக் காங்க்ரீட்டைப் பார்த்தார். தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி காங்க்ரீட்டைப் பார்த்தார்.

"வுடாத" என்றார். என்னைப் பார்த்து, "எறங்குங்க சாமி, நடப்போம்."

"வானத்துல போற சாமானு, நடராஜா சர்வீஸ்ல போவுதுடோய்!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வழியனுப்பி வைத்தது.

குறுக்கு வழியில் ஏறினோம். மலையில் வெயில் போய் மூடுபனி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக மரம் போயிற்று, பாதை போயிற்று, என் கால்களும் போயின. வெள்ளையாக, ஈரமாக, சத்தமே இல்லாமல் ஒரு உலகம். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே அவர் முதுகைப் பார்த்து நடந்தேன். முதுகு நின்றுவிட்டது.

"சாமி, இது மேகங்க."

"தெரியுது. நடங்க, தபாலாபீசு மூடிடுவாங்க."

"மேகத்துக்குள்ள இருக்கோங்க சாமி. ப்ளேன்ல போறவங்களுக்கு இப்பிடித்தான இருக்கும்?" கைகள் இரண்டும் லேசாக விரிந்தன. காலுக்குக் கீழே மலை இருப்பதை அவர் மறந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் நானும் மறந்தேன். பிறகு மூட்டைக் கற்பூரம் நமத்துப்போகுமே என்ற பயம் வந்து, அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

மூச்சிரைக்கத் தபாலாபீசுக்குள் நுழைந்தோம். வழக்கமாகப் பையைக் கட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும் போஸ்ட்மாஸ்டர், பூட்டும் சாவியுமாகக் கோபத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தபால் ஏத்தற பஸ்ஸைக் காணோமே! எந்த மடையன் ரோட்டை அடைச்சான்?"

"நான்தாங்க" என்றார் மேஸ்திரி, முகமெல்லாம் பல்லாக.

கவரை நீட்டியவர், "கொஞ்சம் இருங்க சார், புது வண்டி" என்று என்னிடம் கற்பூரம் கேட்டார். தபாலாபீசுக்குள் நெருப்பா என்று போஸ்ட்மாஸ்டர் அலறியதால் வாசலிலேயே ஏற்றிக் கும்பிட்டோம். அப்புறம் டொக்கென்று முத்திரை விழுந்தது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"எறங்கிடுச்சு சாமி."

கவர் மேல் அவருடைய நிஜப் பெயர் எழுதியிருந்தது. படித்தேன், மறந்துவிட்டேன். பாலம் முடிந்து கீழே போனவர் பிறகு வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பாலத்தில் இன்றும் விரிசல் இல்லை.

போன வருஷம் மகன் என்னை விமானத்தில் ஏற்றினான். அது மேகத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் வெளுத்தது. எல்லோரும் தூங்கினார்கள். எனக்கு மட்டும் அந்தக் குறுக்கு வழி ஞாபகம் வந்து, கை தானாக முன்னால் போயிற்று, யாருடைய வேட்டியையோ பிடிக்க.