ஏர்கோன் அண்ணனுக்குத் தெரியாதது

உலகத்தில் நடக்கும் அத்தனை விஷயங்களைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருக்கும் ஒரே மனிதர் கிள்ளானில் இருக்கிறார். வீடு வீடாகப் போய் ஏர்கோன் என்று நாங்கள் சொல்லும் ஏசியைக் கழுவுகிறார். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். பதினைந்து வருடப் பழக்கத்தில் நான் கேட்டதில்லை. என் கைப்பேசியில் அவர் ‘ஏர்கோன் அண்ணன்’. எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் கைப்பேசியிலும் அப்படித்தான்.

மற்றவர்கள் மாமாக் கடையில் தே தாரேக் டீயை வைத்துக்கொண்டு உலகத்தைத் திருத்துவார்கள். இவர் ஏணி மேல் நின்று திருத்துவார். அந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை என்பதால் வீட்டுக்காரர் யாராவது கீழே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தவர் நடுவில் கையை எடுத்தால் ஒரு மனுஷன் விழுந்த பாவம் வந்து சேரும். ஆகவே சர்வீஸ் முடியும்வரை பள்ளிப் பாடத்திட்டம், மின்சாரக் கார், முட்டைத் தட்டுப்பாடு என்று எது வந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒருநாள் அவருடைய வேனுக்குள் உறை பிரிக்காத புது ஏணி ஒன்று கிடந்ததைப் பார்த்துவிட்டேன். இதைக் கொண்டுவரலாமே அண்ணே என்று கேட்டேன்.

“அது ஆடாது தம்பி. யாரும் பிடிக்க மாட்டாங்க லா” என்றார்.

அவருடைய தத்துவம் ஒன்றே ஒன்றுதான். காற்று வந்து போகிற வழி சரியாக இருந்தால் வீடும் நன்றாக இருக்கும், நாடும் நன்றாக இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒருவழிச் சாலை போட்டவர் அங்கே ஒருநாளும் பார்க்கிங் தேடியிருக்க மாட்டார் என்பார். வெள்ளம் வந்து ஊரே மழையைத் திட்டிக்கொண்டிருந்தபோது, மழை அது பாட்டுக்குப் பழைய வழியில்தான் போகிறது, நாம்தான் குறுக்கே வீட்டைக் கட்டிவிட்டுக் கத்துகிறோம் என்றார். நிலாவில் ஆட்களைக் குடியேற்றப் போகிறார்கள் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். காற்றே இல்லாத ஊரில் தனக்கு என்ன வேலை, தான் வரப்போவதில்லை என்று, யாரோ டிக்கெட்டோடு வாசலில் நிற்பதுபோலக் கறாராகச் சொல்லிவிட்டார்.

பதினாறு டிகிரியில் ஏர்கோனை வைத்துவிட்டு இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள்மீது அவருக்குத் தீராத கோபம். நம் நாட்டுப் பிரச்சினை அத்தனையும் அந்த ஒரு கட்டிலில் படுத்திருக்கிறது என்பார். எங்கள் வீட்டுக் கட்டிலில் அன்று மூன்று கம்பளி இருந்தது. நான் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏஐ வந்த புதிதில் யாரோ ஒரு வாடிக்கையாளர் அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அதனோடு வாதம் செய்திருக்கிறார். ஏர்கோன் தண்ணீர் ஒழுகுவதற்குக் காரணம் அது ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, கடைசியில் அது பணிந்துவிட்டது. “மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிருச்சு தம்பி. முப்பது வருஷமா என் பொண்டாட்டி வாயில வராத வார்த்தை” என்று அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்.

கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்தான். ஆனால் பல நேரம் அவர் சொன்னது சரியாகப் போய்விடும். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். எங்கள் முதலாளி மத்தியானம் ஆனால் எரிந்து விழுவார். அன்று அவருடைய அறையில் வேறு ஆள் இல்லாததால் முதலாளியே ஏணியைப் பிடிக்கும்படி ஆகிவிட்டது. நான் வந்து சேர்வதற்குள் வேலை ஆரம்பித்துவிட்டதால் வாசலிலேயே நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேலேயிருந்து முதலாளியின் வழுக்கையை நெடுநேரம் ஆராய்ந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இந்த போஸ் கெட்டவர் இல்ல தம்பி. குளிர்காத்து நேரா உச்சந்தலையில அடிக்குது. தலைவலியோட உக்காந்திருக்கிறவன் எப்படி லா நல்லாப் பேசுவான்?”

என் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அண்ணன் காற்றைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டு இறங்கினார். அடுத்த வாரம் முதலாளி என் விடுமுறைக் கடிதத்தில் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு பிரமிப்பு. எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அந்தச் சொல் அவரிடம் ஸ்டாக்கிலேயே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் என் மனைவி மாலதிக்குக் காய்ச்சல். மூன்று நாள் கொதித்தது. டிங்கி என்கிற டெங்குவாக இருக்கலாம், தினமும் வந்து ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் காலையில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. வீட்டில் ஒரே சந்தோஷம். காய்ச்சல் விட்ட பிறகு எதற்கு ரத்தம் குத்த வேண்டும் என்று நானே பெரிய மேதாவிபோலத் தீர்ப்புச் சொல்லி, கிளினிக் போவதை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். வாட்ஸ்அப்பில் உறவினர்கள் நண்டு சூப் என்றும் இளநீர் என்றும் ஆளுக்கொரு வைத்தியம் அனுப்பினார்கள்.

ஏற்கெனவே சொல்லிவைத்திருந்ததால் அன்று பார்த்து ஏர்கோன் அண்ணனும் வந்தார். மாலதி படுத்திருந்த அறையில்தான் வேலை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, பப்பாளி இலைச் சாற்றைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். குறைந்தது முக்கால் மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் மேலேயிருந்து மாலதியைப் பார்த்தார். காய்ச்சல் எப்போது விட்டது என்று அவளிடம் கேட்டார். காலையில் என்றாள். வயிறு வலிக்கிறதா என்று கேட்டார். காலையிலிருந்து வலி, இரண்டு தடவை வாந்தி என்று மெதுவாகச் சொன்னாள். அதை அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் கையிலிருந்த குழாயை அப்படியே தொங்கவிட்டுக் கீழே இறங்கினார்.

“எனக்குத் தெரியாது தம்பி” என்றார். “இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. தங்கச்சியைத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

டாக்டர் சொல்லியிருந்தால்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன். அந்த மனிதர் தெரியாது என்று சொன்னதும் ஓடிப்போய் மாலதியைத் தூக்கினேன். அண்ணன் வேனின் பின்சீட்டிலிருந்த சாமான்களை எல்லாம் எங்கள் வாசலிலேயே கொட்டிவிட்டு அவளைப் படுக்க வைத்தார். சாலையில் ஒரு லோரி குறுக்கே வந்து நின்றது. லோரி ஓட்டுநர்களைப் பற்றி அவரிடம் ஏராளமான கருத்துகள் உண்டு. அன்று ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்த உடனே மாலதியை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், இன்னும் ஒருநாள் வீட்டில் வைத்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அவர் பேசி முடிக்கும்வரை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம்வரை ஏர்கோன் அண்ணன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே டிவியில் நாடாளுமன்றச் சண்டையும் புது ரயில் பாதையும் ஓடிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே ஆஸ்பத்திரி ஏர்கோன் கடகடவென்று சத்தம் போட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உங்களுக்கு எப்படி அண்ணே தோன்றியது என்று நான்தான் கேட்டேன்.

“என் கூடப் பொறந்த தம்பிக்கு இப்படித்தான் நாலாவது நாள் காய்ச்சல் விட்டுச்சு” என்றார். “சரியாப் போச்சு, எதுக்கு ஆஸ்பத்திரின்னு சொன்னது நான்தான். வீட்டுல எல்லாரும் என் பேச்சைத்தான் கேப்பாங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வார்டில் மூன்றாம் நாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. முதலில் அவருக்குத்தான் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. லோங்காங் சாக்கடையில் தேங்கும் தண்ணீர், மூடாத பூத்தொட்டி, புகை அடிக்க வருகிறவர்கள் தப்பான நேரத்தில் வருவது என்று கொசுவைப் பற்றிப் பதினோரு நிமிடக் குரல்பதிவு. கடைசி இரண்டு நிமிடம் எங்கள் வீட்டில் பாதியில் விட்ட ஏர்கோனைப் பற்றி. மாலதி படுக்கையில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

எங்கள் வீட்டு ஏர்கோனில் இப்போது ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் மாதம் ஒருமுறை மாலதி அவரைக் கூப்பிட்டுவிடுகிறாள். ஏணியை அவளே பிடித்துக்கொள்கிறாள்.