நீலம் பூசிய நாடு

மணிப்புரம் என்றொரு நாடு இருந்தது. அதற்கு நேர் எதிர்க்கரையில் இன்னொரு நாடும் இருந்தது. இருந்தது என்ன, கண் தெரிந்தவன் கடற்கரையில் நின்றால் அதன் கலங்கரை விளக்கமே தெரியும். ஆனால் மன்னருக்கு அந்த நாட்டைப் பிடிக்காமல் போய்விட்டது. "நமக்குப் பிடிக்காத நாடு எப்படி இருக்க முடியும்?" என்று அவையில் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளே எல்லா வரைபடங்களிலும் அந்த இடத்தில் நீலம் பூசினார்கள்.

அதோடு விட்டார்களா? நாடே இல்லாதபோது எல்லை எதற்கு என்று கடலில் மிதந்த எல்லை மிதவைகளைப் பிடுங்கி வந்தார்கள். எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்று தெரியாமல் மீனவர்கள் தாண்டிப் போய், எதிர்க்கரைச் சிறையில் அடைபட்டார்கள். இல்லாத நாட்டில் சிறை ஏது? ஆகவே அவர்கள் 'மீன்வள மிகுதியால் கடலில் தங்கியிருப்போர்' என்று மூன்றாவது ஆணை வந்தது. இதைக் கேட்டு எரிச்சல் வராதவர் கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படித் 'தங்கியிருப்போரில்' ஒருவர் நாகமுத்து. அவர் போய் பதினோரு மாதமாகிறது. மகள் பூரணி பல்கலைக்கழகத்தில் படித்தாள். விருப்பப் பாடத்தைக் குறித்துக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். இரண்டில் ஒன்று: அயலுறவியல் அல்லது அரண்மனை வாழ்த்தியல்.

"வாழ்த்தியலே எடுத்துக்கடி. படிச்சு முடிச்சதும் அரண்மனையிலே வேலை. இன்னொன்னை எடுத்தா உன்னையும் ஒரு மாதிரியாப் பாப்பாங்க" என்றாள் அம்மா செம்பகம்.

"அப்பாவை விடச் சொல்லி யாருக்கு எழுதணும், எப்படி எழுதணும்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலம்மா. அதைச் சொல்லித் தர்ற பாடம் இது ஒண்ணுதான்."

"நீ படிச்சு முடிக்கிறவரைக்கும் அவரு அங்கேயே கிடக்கணுமா?"

அந்தக் கேள்விதான் பூரணியையும் இரண்டு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, சரக்குக் கப்பல்காரர் ஒருவர் அப்பாவின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வழியெல்லாம் படித்துக்கொண்டே போனாள்.

பதிவாளர் பேரறிவாளனார் படிவத்தை விரல்நுனியால் பிடித்துப் பார்த்தார். "இன்னும் எதையும் குறிக்கவில்லையே. அயலுறவியல் எடுக்கவா யோசிக்கிறாய்? அந்தப் பாடம் நாட்டின் பெருந்தன்மைக்குச் சான்றாக வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப் படிப்பதற்கு அல்ல. அயலே இல்லாதபோது உறவு ஏது, அம்மா?"

"எங்கப்பா கடிதம் போட்டிருக்காரு ஐயா" என்று பூரணி படித்துக் காட்டினாள். "'நீதிபதி என்னை விடுதலை செஞ்சிட்டாரு. ஆனா அனுப்ப வழியில்லையாம். இவங்க படத்துல நம்ம நாடு இருக்கிற இடத்துல நீலம் பூசியிருக்கு. நடுக்கடல்ல இறக்கி விடட்டுமான்னு கேக்குறாங்க. விவரம் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அயலுறவியல் பாடத்தையே இங்க நீக்கிட்டாங்களாம்.'"

பதிவாளர் முகம் மலர்ந்தது. "ஆகா. நம் மன்னரின் கொள்கையை அந்த நாடும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது. எவ்வளவு பெரிய வெற்றி."

"எந்த நாடு, ஐயா?"

யாராவது கேட்டுவிட்டார்களா என்று பதிவாளர் மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை.

பூரணி பேனாவை எடுத்து அயலுறவியல் கட்டத்தில் குறியிட்டாள். காரணம் என்ற இடத்தில், 'அப்பாவைக் கூட்டி வர' என்று எழுதினாள். படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல் பாடத்தை நீங்களே நடத்திட்டீங்க ஐயா. கையெழுத்துப் போடுங்க."